மணிக்கு 13 வயது, கிட்னி போய்விட்டது; அம்மா ஊசி வேண்டாம் என்கிறார்

மணியின் அக்கா | சனி இரவு 11.40

வணக்கம். பெங்களூரு மர்பி டவுனில் இருக்கிறேன். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

மணி எங்கள் வீட்டு நாட்டு நாய். 2012இல் ஒரு மழை இரவில், அப்பா இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது அல்சூர் ஏரிக்கரையில் கிடந்தவனை டிபன் பையில் போட்டுத் தூக்கி வந்தார். கண்கூடத் திறக்கவில்லை. அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. நான்காம் நாள் பார்த்தால் அம்மாவே இங்க் ஃபில்லரில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதிலிருந்து மணி அம்மாவின் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறான்.

சில மாதங்களுக்கு முன்பு தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தான். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனான். வயசு என்று நினைத்துவிட்டோம். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.1. சாப்பாட்டை மாற்றினோம், மாத்திரை கொடுத்தோம். போன வாரம் 8.4. 21 கிலோ இருந்தவன் இப்போது 14. மூன்று வாரமாக வீட்டிலேயே தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுகிறேன். வாய் நாறுகிறது, நாக்கு ஓரத்தில் புண். புதன்கிழமைக்குப் பிறகு அவன் வயிற்றில் தங்கியது இரண்டு கரண்டி தயிர் சாதம்தான்.

டாக்டர் நேற்று "வீட்டில் பேசிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். துபாயில் இருக்கும் தம்பி "போதும் அக்கா, ஊசி போட்டு அவனை வலியில்லாமல் அனுப்பிவிடலாம்" என்கிறான். அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அப்பா 11 நாள் ஐசியூவில் கிடந்தாரே, அவருக்கு ஊசி போட்டோமா? இவனுக்கு மட்டும் ஏன்?"

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். எப்படி முடிவெடுத்தீர்கள்? அதற்குப் பிறகு எப்படி இருந்தது?


காக்ஸ் டவுன்காரன் | ஞாயிறு அதிகாலை 12.20

அக்கா, நானும் தூங்கவில்லை. எங்கள் கதையைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

எங்கள் லேப்ரடார் ஜூனோவுக்கு 9 வயதில் முன்னங்காலில் எலும்புப் புற்று. முதலில் லேசாக நொண்டினாள். வாக்கிங் போகும்போது சுளுக்கிக்கொண்டாள் என்று தைலம் தடவிக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு பூச்சி அரித்த மரம் மாதிரி இருந்தது. காலை எடுத்தால் வலி தீரும், ஆனால் நுரையீரலுக்கு ஏற்கெனவே பரவியிருக்கிறது, நாள் அதிகமாகாது என்றார்கள். நாங்கள் வலி மாத்திரையோடு இருக்க முடிவு செய்தோம். "எந்த நேரமும் எலும்பு உடையலாம், அதற்குள் யோசித்துவிடுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஜூனோ வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள், பிஸ்கட் சாப்பிட்டாள், அதனால் நேரம் இருக்கிறது என்று நம்பினேன். கடைசித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு, சோபாவிலிருந்து இறங்கினாள். அவ்வளவுதான். உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. கொட்டும் மழையில் காரின் பின்சீட்டில் அவளைப் போட்டுக்கொண்டு திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடினோம். முதல் இடத்தில் டாக்டர் இல்லை. இரண்டாவது இடத்தில் போன் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஒருவர் கிடைக்கும்போது மூன்றே முக்கால். முன்பின் தெரியாத டாக்டர், டியூப்லைட் வெளிச்சம், எஃகு மேஜை. மகளும் அங்கேதான் நின்றாள். நான் எதிலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தேனோ, அதைவிட மோசமானதைப் பார்த்தாள்.

ஊசி போட்டதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்காகத்தான் இன்றும் வருந்துகிறேன்.


வெண்பூனை | ஞாயிறு காலை 7.05

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன். அம்மா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டுப் பூனை 16 வயதில் வீட்டிலேயே இறந்தாள், என் மடியில். அவளுக்கும் கிட்னிதான். ஊசி வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்குக் காரணம், அவளுக்கு வாந்தியும் வலியும் மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நான் 12 நாள் லீவு போட்டேன். அவள் ஜன்னல் ஓரம், வெயில் படும் இடத்தில் படுக்கை. மல ஜலம் எல்லாம் அங்கேயே. கடைசி நாள் மூச்சு மெதுவாகி நின்றது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தானாகப் போகட்டும் என்று விடுவதும் சும்மா விடுவதும் ஒன்றில்லை. அது ஊசியைவிட அதிக வேலை, அதிக மருந்து, அதிகக் கண்காணிப்பு. மூச்சுத் திணறலோ வலிப்போ வந்திருந்தால் ஊசிதான் என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்திருந்தோம். ராத்திரிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எண் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது.

இன்னொன்று, இதைப் படிக்கும் எல்லாருக்கும்: வலி என்று வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரை எடுத்துவிடும். கிட்னி போன நாய்க்கும் சில வலி மாத்திரைகள் விஷம் மாதிரி.


விவேக் நகர் புதியவன் | ஞாயிறு காலை 8.30

அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். தோலுக்கு அடியில் சலைன் வீட்டிலேயே எப்படி ஏற்றுகிறீர்கள்? எங்கள் பூனைக்கும் இந்த வாரம்தான் ஆரம்பித்திருக்கிறோம், கை நடுங்குகிறது. கிரியேட்டினின் 3.4. தினமும் கிளினிக்குக்குத் தூக்கிப்போனால் அது கூடைக்குள்ளேயே பயத்தில் சிறுநீர் போய்விடுகிறது.


மணியின் அக்கா | ஞாயிறு காலை 9.10

தம்பி, பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், குளிர்ச்சியாக ஏறினால் துள்ளும். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கினால் அடியில் ஒரு குழி கிடைக்கும், அதற்குள் ஊசி. அப்புறம் அங்கே ஒரு மூட்டை மாதிரி வீங்கும், பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் உடம்புக்குள் போய்விடும். எவ்வளவு என்பதை டாக்டர் சொன்ன அளவு மட்டும். எனக்கும் முதல் நாள் கை நடுங்கியது.

வெண்பூனை சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பார்த்தாயா" என்றார். காக்ஸ் டவுன் அண்ணன் எழுதியதையும் படித்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.


ஹெப்பாள் டாக்டர் | ஞாயிறு மதியம் 1.45

நான் கால்நடை மருத்துவர். ஹெப்பாள் கல்லூரியில் படித்தேன், நகரத்தில் சிறு பிராணிகளைப் பார்க்கிறேன். மணியை நான் பார்க்கவில்லை, அதனால் அவனைப் பார்க்கும் டாக்டர் சொல்வதே முக்கியம். பொதுவாகச் சில விஷயங்கள்.

முதலில், முடிவுக்கு வருமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 3.1இலிருந்து 8.4க்கு இவ்வளவு வேகமாக ஏறியதற்குப் பழைய நோய் மட்டும்தான் காரணமா, மேலே வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா? உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல், சிறுநீர்ப் பாதையில் தொற்று அல்லது அடைப்பு, இவை பழைய கிட்னி நோயின் மேல் வந்து உட்காரும். அப்படியானால் நரம்பு வழியாக இரண்டு மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு மறுபடி ரத்தம் பார்த்தால் எண் நன்றாக இறங்கும். இறங்கவில்லையென்றால் அதுவே ஒரு பதில். இந்தக் கேள்வியைக் கேட்காமல் முடிவெடுத்தால் பிறகு ஆறு மாதம் கழித்து ராத்திரியில் அது வந்து உறுத்தும்.

கிட்னி முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் கிரியேட்டினின் ஏறவே தொடங்கும். அதனால் வயசு என்று நினைத்ததற்கு உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். 5ஐத் தாண்டினால் நான்காம் நிலை என்போம், அதுதான் கடைசி. அந்த நிலையில் தானாகப் போவது பல நேரம் அம்மா நினைப்பது போலத் தூக்கத்தில் போவதாக இருக்காது. வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்குகிறது. ஓயாத குமட்டல், வாயிலும் வயிற்றிலும் புண், சோர்வு, சிலருக்கு வலிப்பு. வெண்பூனை வீட்டில் நடந்தது போலவும் நடக்கும். அவர்கள் செய்த கவனிப்பு பெரிய கவனிப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்தது.

மணி கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்று யாராவது சொல்வார்கள். நாய் வலியை மறைக்கும். ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து எழுந்து இடம் மாறுவது, மூலையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுப்பது, ஓடாமலே மூச்சு வாங்குவது, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமல் நிற்பது, இவற்றைப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற புற்றுநோய் கால்நடை மருத்துவர் 2004இல் ஒரு கணக்கு முறை கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 70இல் 35ஐத் தாண்டினால் இன்னும் பராமரிக்கலாம் என்பது அவர் கணக்கு. எண் முடிவெடுக்காது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, பிறகு தாள்களை ஒன்றாக வைத்தால், பேசவே முடியாத வீட்டிலும் பேச்சு தொடங்கும். நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் ஐசியூ கேள்வி சரியான கேள்வி. அப்பாவிடம் டியூப் எதற்காக என்று யாராவது விளக்கிச் சொல்லியிருப்பார்கள். உங்கள் முகத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். மணியிடம் அப்படி எதையும் சொல்ல முடியாது. அவனுக்கு இருப்பது இன்றைய குமட்டலும் இன்றைய ஊசியும்தான்.


கோவிந்தராஜபுரம் | ஞாயிறு மதியம் 2.30

உயிரைக் கொடுக்க முடியாதவர்களுக்கு அதை எடுக்கும் உரிமை கிடையாது. கொல்லாமையைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதற்கு விதித்த நாள் வரைக்கும் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா சொல்வதுதான் சரி.


தூரவாணி நகர் பெரியவர் | ஞாயிறு மாலை 5.15

தம்பி கோவிந்தராஜபுரம் சொல்வதை நானும் ஒருகாலத்தில் இதே வார்த்தைகளில் சொன்னவன். எனக்கு வயது 74. ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி காயப்பட்டுத் தீராத வேதனையில் கிடந்தது. புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. வைத்தியம் இனிப் பலிக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தி ஆசிரமத்தில் இருந்தவர்களோடு கலந்து பேசினார், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் டாக்டரை வரவழைத்து ஊசி போடச் சொன்னார், தானும் அங்கே நின்றார். அதை மறைக்காமல் பத்திரிகையிலும் எழுதினார். அகிம்சை பேசும் மனிதர் கன்றைக் கொல்லலாமா என்று கோபமான கடிதங்கள் குவிந்தன. அவர் தன் நிலையிலிருந்து மாறவில்லை. நம் சுயநலத்துக்காக எடுத்தால்தான் அது இம்சை, வேறு வழியே இல்லாத வேதனையை முடிப்பது இம்சையாகாது என்பது அவர் வாதம்.

அவர் சொன்னதால் சரி என்று நான் சொல்லவில்லை. கொல்லாமையை உயிராக நினைத்த ஒருவருக்கும் இந்தக் கேள்வி வந்தது, எளிதாக இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மணியின் அம்மாவுக்கு: அம்மா, மனிதர்களுக்கு ஊசி போட நம் சட்டம் இன்றும் அனுமதிக்கவில்லை. ஆனால் மீளவே முடியாதவர்களுக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ளலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் மனைவிக்கு அந்த முடிவை நான் எடுத்தேன். வெண்டிலேட்டரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது.


தெருநாய்த் தோழி | ஞாயிறு இரவு 8.50

பெரியவர் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

நான் பானஸ்வாடிப் பக்கம் 9 வருடமாகத் தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுகிறேன். லாரி ஏறி இடுப்பு உடைந்தவை, புழு வைத்த காயத்தோடு மூன்று நாள் கழித்துக் கண்ணில் பட்டவை என்று பார்த்தாகிவிட்டது. தெருநாய் விஷயத்தில் அதை உடனிருந்து பார்க்கிறவர் நினைத்தாலும் முடிவெடுக்க முடியாது. 2001இல் வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளே குணமாகாத நோய், சாகும் அளவு காயம் என்று தகுதியான மருத்துவர் சொன்னால் மட்டும்தான் ஊசி போடலாம் என்றன. அதில் ஒரு வரி இருந்தது: எந்த நாய்க்கும் இன்னொரு நாயின் கண்ணெதிரே அதைச் செய்யக் கூடாது. அந்த வரியை எழுதியவர் யாரோ, நாய்களை அறிந்தவர்.

அக்கா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். "மணி தானே சொல்லுவான், அவன் கண்ணைப் பார்த்தால் தெரியும்" என்று பலர் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். நான் கூட இருந்து அனுப்பிய நாய்களில் பாதிக்கு மேல் கடைசி நிமிடத்திலும் என்னைப் பார்த்து வாலை ஆட்டின. அந்த வால் உங்களைப் பார்த்த சந்தோஷம். வலி இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. சொல்ல வேண்டிய வேலையை அவன் தலையில் வைக்காதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு: "தூங்க வைத்துவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். என் அக்கா மகனிடம் அப்படிச் சொல்லிவிட்டோம், நாலு வயது. ஒரு மாதம் அவன் கட்டிலில் படுக்கவே பயந்தான்.


ஆஸ்டின் டவுன் ஆட்டோ | ஞாயிறு இரவு 10.25

எனக்கு எழுத வராது, தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் பப்பிக்கு 4 வயதுதான். மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், 80,000 ஆகும் என்றார்கள். என் ஆட்டோவுக்கே தவணை பாக்கி. நான்கு நாள் தூக்கித் தூக்கி ஒன்றுக்குப் போக வைத்தோம், முடியவில்லை. ஊசி போட்டோம். பணம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. இங்கே யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் கேட்கிறேன். நான் செய்தது கொலையா?


ஹெப்பாள் டாக்டர் | ஞாயிறு இரவு 10.50

இல்லை அண்ணா. முதுகுத் தண்டு நசுங்கி, பின்னங்காலில் கிள்ளினாலும் உணர்வில்லை என்ற நிலையில் ஆபரேஷன் செய்தவற்றிலும் பல எழுந்து நடப்பதில்லை. நடக்காத நாய்க்குப் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, நாள் முழுக்க ஆள். நீங்கள் நான்கு நாள் தூக்கிச் சுமந்திருக்கிறீர்கள். பணம் இல்லாதது உங்கள் தவறாகாது. எங்களிடம் வருகிற பாதி வீடுகளில் பணம்தான் பேச்சு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்கள் சொன்னது நல்லது.


மணியின் அக்கா | திங்கள் இரவு 9.30

எல்லாருக்கும் ஒரு செய்தி.

டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். உண்ணிக் காய்ச்சலுக்கு முன்பே பார்த்துவிட்டார், இல்லை. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருக்கின்றன, அடைப்பு எதுவும் இல்லை. போன வாரம் கிளினிக்கில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியதையும் நினைவுபடுத்தினார். இன்று காலை மறுபடி ரத்தம் எடுத்தார். 9.1.

அப்புறம், அந்த 70 மதிப்பெண் தாளை மூன்று பிரதி எழுதினேன். நான் 19 போட்டேன். தம்பி வீடியோ காலில் பார்த்து 15 போட்டான். அம்மா வெகு நேரம் எழுதாமல் வைத்திருந்தார். பிறகு தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். மூன்று வாரமாக ஒரு தாளைக்கூடக் கிழிக்காமல் வைத்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு நாள் தாளின் மூலையிலும் பென்சிலில் ஒரு சின்னக் குறி. மணி சாப்பிட்ட நாளுக்கு வட்டம், சாப்பிடாத நாளுக்குக் கோடு. எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முதல் வாரம் நாலு வட்டம். கடைசி வாரத்தில் ஒன்று, அந்தத் தயிர் சாதம்.

அம்மா இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். டாக்டர் மேடமோ சாரோ தெரியாது, மன்னிக்கவும். ஊசி போடும்போது அவனுக்குத் தெரியுமா? வலிக்குமா? அப்புறம், வீட்டுக்கு வந்து செய்வார்களா?


ஹெப்பாள் டாக்டர் | திங்கள் இரவு 10.15

மேடம்தான். அம்மாவுக்கு விவரமாகவே சொல்கிறேன். முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு அங்கே பயம் குறைவு.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதை முதலிலேயே முடித்துவிடுங்கள், பணமும் அப்போதே கொடுத்துவிடுங்கள், பிறகு உங்களால் எண்ண முடியாது. முன்னங்காலில் டிரிப்ஸுக்குப் போடுவது போல ஒரு கேனுலா. அந்தக் குத்தல் தெரியும், அவனுக்கு அது பழக்கமானதுதான். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை கனத்து உங்கள் மடியில் சாய்ந்துவிடும், அதன் பிறகு நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. இந்த மயக்க ஊசி உண்டா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு, ஆபரேஷனுக்குத் தரும் வகை மயக்க மருந்தையே மிக அதிக அளவில் தருவார்கள். மூளை அடங்கி, மூச்சு நின்று, ஒன்றிரண்டு நிமிடத்தில் இதயமும் நிற்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுச் சொல்வார்.

கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். நின்ற பிறகும் ஒரு பெரிய மூச்சு வந்தாற்போல நெஞ்சு எழும்பலாம், கால் துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அவை தசையின் வேலை. அவன் திரும்பி வந்துவிட்டான் என்று அம்மா பதறக் கூடாது. அடியில் ஒரு பழைய துணியை விரித்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்து செய்கிற டாக்டர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். உங்கள் டாக்டரையே முதலில் கேளுங்கள், மணிக்கு அவர் கை தெரியும்.

அடக்கம் பற்றியும் இப்போதே யோசியுங்கள். இந்த மருந்து உடம்பில் தங்கும். மேலோட்டமாகப் புதைத்தால் தெருநாயோ பருந்தோ தோண்டித் தின்று அதுவும் சாகும். நல்ல ஆழம் வேண்டும், இல்லையென்றால் தகனம்தான். சுமனஹள்ளியில் மாநகராட்சியின் பிராணிகள் தகன மேடை இருக்கிறது. கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வளாகத்தில் செல்லப் பிராணிகளுக்கான அடக்க இடம் உண்டு. புறப்படுமுன் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.


வெண்பூனை | திங்கள் இரவு 10.40

அக்கா, நான் முதலில் எழுதியதால் அம்மாவுக்கு அதுவே பிடியாகிவிட்டதோ என்று இரண்டு நாளாக மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்: எங்கள் பூனைக்கு வாயில் புண் வரவில்லை, வாந்தி நின்றிருந்தது. மணி நிலையில் அவள் இருந்திருந்தால் நானும் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.


கோவிந்தராஜபுரம் | செவ்வாய் காலை 6.20

என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தக் காலண்டர் விஷயத்தைப் படித்த பிறகு, அந்த அம்மாவிடம் போய் உரிமை பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. சகோதரி, எந்த முடிவாக இருந்தாலும் அவன் நல்லபடியாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.


மணியின் அக்கா | செவ்வாய் இரவு 8.00

அம்மா சரி என்று சொல்லிவிட்டார். தம்பி லீவு கிடைத்துச் சனிக்கிழமை வருகிறேன் என்றான். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார், சனிப் பிணம் தனியாகப் போகாது என்று. அதுவரைக்கும் இழுத்தடிக்கவும் கூடாது என்றார். நாளைக் காலை பத்தரைக்கு டாக்டர் வீட்டுக்கு வருகிறார். தம்பி வீடியோவில் இருப்பான்.

இன்று ராத்திரி சலைன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னைக் கண்டதும் அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியவில்லை. அந்த நேரத்துக்கு நான் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் என் காலடிச் சத்தம் என்றாலே அவனுக்கு ஊசி என்றுதான் ஆகியிருந்தது போல.


காக்ஸ் டவுன்காரன் | செவ்வாய் இரவு 8.25

அக்கா, நாளைக்கு ஓட்டுநர் வேண்டுமென்றால் சொல்லுங்கள். சுமனஹள்ளி வரைக்கும் நான் வருகிறேன். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.


ஆஸ்டின் டவுன் ஆட்டோ | செவ்வாய் இரவு 8.40

நானும் வரத் தயார் அக்கா. காசு வேண்டாம்.


மணியின் அக்கா | வெள்ளி மாலை 6.45

இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

புதன் காலை வெயில் நன்றாக அடித்தது. வாசலில் அப்பா செருப்பு விடும் இடத்தில்தான் அவனுக்குப் பிடிக்கும், அங்கேயே பாய் போட்டோம். அப்பாவின் ஒரு வேட்டியை அம்மா மடித்து அடியில் விரித்தார். மாரி பிஸ்கட் கொடுத்தேன், முகர்ந்தான், சாப்பிடவில்லை. டாக்டர் கன்னடத்தில்தான் அம்மாவிடம் பேசுவார். அவன் தலையைத் தடவிக்கொண்டே "சாக்கு மரி, சாக்கு" என்றார். போதும் குட்டி, போதும் என்று. அம்மா அதற்குத்தான் அழுதார், ஊசிக்கு அழவில்லை. மயக்க ஊசி போட்டதும் தலை அம்மா மடியில் சாய்ந்தது. மேடம் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது, கடைசியில் அந்தப் பெரிய மூச்சும் வந்தது. அம்மாதான் என் கையைப் பிடித்து "அது தசைதான்" என்றார்.

காக்ஸ் டவுன் அண்ணன் கார் கொண்டுவந்தார். ஆட்டோ அண்ணனும் பின்னாலேயே வந்தார். இருவரும் அதுவரைக்கும் எனக்கு முகம் தெரியாதவர்கள்.

வீட்டில் ராத்திரி எட்டு மணியானால் கை தானாகச் சலைன் பாட்டிலைத் தேடிப் போகிறது. அம்மா நேற்று உட்கார்ந்து காலண்டரில் மூன்று வாரத் தாளையும் ஒவ்வொன்றாகக் கிழித்தார். வட்டம் போட்ட தாள்களை மட்டும் தனியாக எடுத்து அப்பா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

விவேக் நகர் தம்பி, 9 சலைன் பாட்டில், பிரிக்காத ஊசி ஒரு பெட்டி, டிரிப்ஸ் செட் நாலு மிச்சம் இருக்கின்றன. தேதி எல்லாம் பார்த்துவிட்டேன், அடுத்த வருடம் வரைக்கும் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் பாட்டிலின் பெயரைக் காட்டி, பூனைக்கு இதுதானா என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் வந்தால் அம்மா வீட்டில் இருப்பார். உங்கள் பூனையின் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார்.